டவர் அலையில் போன் சார்ஜ் ஆகுமா?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே விக்கிரவாண்டி டோல்கேட்டில் இரவும் பகலும் நடந்துகொண்டே இருக்கும் ஒரு காரியத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வண்டி வேகம் குறைத்து லேனுக்குள் நுழைகிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கில் ஒயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. தலைக்கு மேலே இருக்கும் ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அது கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அந்த மின்சாரத்தில் விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டு, மறுபடி அடங்கிவிடுகிறது. காற்றில் வரும் அலையிலிருந்து சக்தி எடுத்து ஒரு கருவியை ஓட்டுவது எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்தில் மட்டும் நடக்கும் சங்கதி இல்லை. நம் ஊர் வழியாகப் போகும் லாரியிலும் காரிலும் அது ஒட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் இதைப் பற்றி வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சுற்றும் பேச்சைக் கேட்டால் தலை சுற்றும். டவர் அலையை வைத்து வீட்டுக்கே கரண்ட் எடுக்கலாம், கம்பெனிக்காரர்கள் மறைக்கிறார்கள் என்று ஒரு சாரார். பேட்டரி இல்லாமல் எதுவும் ஓடாது, எல்லாமே பித்தலாட்டம் என்று இன்னொரு சாரார். இரண்டு தரப்புமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு? வாட் கணக்கிலா, மில்லிவாட்டிலா, மைக்ரோவாட்டிலா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் புரளிகளில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

“ஃபாஸ்டேக்குக்குள் குட்டி பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்தால்தான் ரீட் ஆகாது”

காலாவதியான ஃபாஸ்டேக் ஒன்று கையில் கிடைத்தால் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெல்லிய அலுமினியக் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடுவது தெரியும். அதுதான் ஆன்டெனா. இரண்டு பக்கக் கோடுகளும் வந்து சேரும் இடத்தில் கடுகைவிடச் சிறியதாக ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் சிப். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

லேனுக்கு மேலே உள்ள ரீடர், 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் அலையை அனுப்புகிறது. இந்த வகை ரீடருக்கு இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட வீச்சு 4 வாட் அளவுதான். அந்த அலை அலுமினியக் கோட்டில் மோதும்போது அதில் நொடிக்குப் பல கோடி முறை திசை மாறும் சின்ன மின்னழுத்தம் உண்டாகிறது. சிப்புக்குள் இருக்கும் டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பி, படிப்படியாக உயர்த்தி, ஒரு நுண்ணிய கெப்பாசிட்டரில் சேர்க்கின்றன. சுமார் 10 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே சிப்புக்குப் போதும். ஐந்து மீட்டர் தூரத்தில் அந்த ஆன்டெனாவுக்கு இதைப்போலப் பல மடங்கு கிடைத்துவிடும்.

இதைவிட அழகான பகுதி அடுத்து வருகிறது. சொந்தமாக அலை அனுப்பும் அளவுக்குச் சிப்பிடம் சக்தி கிடையாது. ஆகவே அது தன் ஆன்டெனாவின் இணைப்பை மாற்றி மாற்றி, வந்த அலையை ஒரு கணம் அதிகமாகவும் மறு கணம் குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் எண் ஒளிந்திருக்கிறது. ரீடர் அதைப் படித்துக்கொள்கிறது. பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது, டேக்கில் ஒரு பைசாவும் இல்லை.

2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் டோல் கட்டும் எல்லா வண்டிக்கும் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதிலிருந்து, டேக் ரீட் ஆகாத ஒவ்வொரு முறையும் பேட்டரி மேல் பழி விழுகிறது. உண்மைக் காரணம் வேறாக இருக்கும். டேக்கை ஒட்டாமல் டாஷ்போர்டில் போட்டுவைத்துக் கையில் தூக்கிக் காட்டுவார்கள்; கையும் உலோகமும் பக்கத்தில் இருந்தால் ஆன்டெனாவின் இசைவு கெட்டுவிடும். சில கார்களின் முன்கண்ணாடியில் வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது ரேடியோ அலையையும் தடுத்துவிடும். பிய்த்து எடுத்து மறுபடி ஒட்டியதில் கோடு அறுந்திருக்கலாம். கணக்கில் பணம் இல்லாமலும் இருக்கலாம், அது அலையின் குற்றமில்லை.

2022 ஜூனில் ஒரு வீடியோ நாடெங்கும் பரவியது. கார்க் கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு ஃபாஸ்டேக் மேல் கையை ஓட்டி, பணத்தை உருவிவிடுகிறானாம். அது ஜோடிக்கப்பட்ட வீடியோ என்று தேசியக் கொடுப்பனவுக் கழகமும் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் உடனே விளக்கம் கொடுத்தன. பதிவு செய்த டோல்கேட் போன்ற வணிகக் கணக்குக்கு மட்டுமே ஃபாஸ்டேக் பணம் போகும், தனிநபருக்குப் போகாது. அதோடு வாட்சில் இருக்கும் என்எஃப்சி வேலை செய்வது 13.56 மெகாஹெர்ட்ஸில், அதுவும் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள். அந்த அலைக்கு ஃபாஸ்டேக் விழிக்கவே விழிக்காது. அந்த ஒரு வீடியோவால் சிக்னலில் கண்ணாடி துடைத்துப் பிழைக்கும் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் திருடன் என்று விரட்டப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மாட்டின் காதில் போடும் மஞ்சள் தோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடு எங்கே மேய்கிறது என்று அதை வைத்து டில்லியில் பார்க்கிறார்கள் என்ற பேச்சு உண்டு. அது 12 இலக்க எண்ணும் பார்கோடும் அச்சடித்த வெறும் பிளாஸ்டிக். சிப்பும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை.

“டவருக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த அலையிலேயே போனைச் சார்ஜ் செய்யலாம்”

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. கரண்ட் போய், போனில் சார்ஜ் தீர்ந்து, ஜெனரேட்டர் ஓடும் இடம் எங்கே என்று தேடித் திரிந்த அனுபவம் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதில்லை. அந்த நேரத்தில் டவர் அலையில் சார்ஜ் ஆகும் என்று ஒரு வீடியோ வந்தால் நம்பத்தான் தோன்றும். அப்படி நம்புகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கை மட்டும் காட்டுகிறேன்.

2012இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அந்நகரின் 270 சுரங்க ரயில் நிலையங்களின் வாசலில் நின்று, காற்றில் எவ்வளவு ரேடியோ சக்தி இருக்கிறது என்று அளந்தார்கள். டிவி, 2ஜி, 3ஜி எல்லாவற்றையும் கூட்டினாலும் சராசரியாக ஒரு சதுர செ.மீ.க்கு 0.13 மைக்ரோவாட்தான் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, 100 சதுர செ.மீ.க்கு ஓர் ஆன்டெனா வைத்தால் 13 மைக்ரோவாட். அதை மின்சாரமாக மாற்றுவதில் 40 சதவீதம் தேறினால் நல்ல சுற்று. ஆக மிஞ்சுவது 5 மைக்ரோவாட். இன்றைய 5000 மில்லிஆம்பியர் போன் பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-மணி சக்தி பிடிக்கும். 5 மைக்ரோவாட்டை வைத்து அதை நிரப்ப 400 வருடத்துக்கு மேல் ஆகும். உண்மையில் அப்போதும் நிரம்பாது. சும்மா கிடக்கும் லித்தியம் பேட்டரி தானாகவே இழக்கும் சக்தி இதைவிடப் பல மடங்கு அதிகம்.

“அது லண்டன் சராசரி, நான் டவருக்கு நேர் எதிரே மொட்டை மாடியில் நிற்கிறேன்” என்று ஒருவர் சொல்லலாம். சரி, அதையும் பார்ப்போம். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா, டவர் அலைக்கு உலக அளவில் பரிந்துரைக்கப்பட்ட வரம்பில் பத்தில் ஒரு பங்கைத் தன் வரம்பாக வைத்தது. 1800 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு சதுர மீட்டருக்கு 0.9 வாட் அளவு. அந்த வரம்பின் உச்சத்திலேயே ஒருவர் இடைவிடாமல் உட்கார்ந்திருந்தாலும் அதே உள்ளங்கை ஆன்டெனாவுக்கு 4 மில்லிவாட்டுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். போன் நிரம்ப ஏழு மாதம் ஆகும்.

அதே உள்ளங்கை அளவுக்கு ஒரு சோலார் தகட்டை உச்சி வெயிலில் வைத்தால் 2 வாட் கிடைக்கும். இரண்டு நாள் வெயிலில் போன் நிரம்பிவிடும். வெயில் தரும் சக்திக்கும் சுற்றுப்புற ரேடியோ அலை தரும் சக்திக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டவரே கரண்டில் ஓடுகிறது. லைன் போனால் முதலில் பேட்டரி, பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் தீர்ந்தால் அலையும் இல்லை. புயலுக்கு முன் ஏற்பாடு செய்ய விரும்புகிறவர்கள் ஒரு சின்ன சோலார் தகடும் பவர் பேங்கும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

இந்த ஆசையைக் காசாக்கப் பார்த்த பெரிய கம்பெனிகளும் உண்டு. 2010 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஆர்சிஏ பெயரில் ஏர்னர்ஜி என்றொரு சார்ஜரைக் காட்டினார்கள். வைஃபை அலையை உறிஞ்சி பிளாக்பெரி போனை ஒன்றரை மணி நேரத்தில் நிரப்பிவிடும் என்றார்கள். உலகமெங்கும் செய்தியானது. கடைக்கு வரவே இல்லை. வீட்டு வைஃபை ரூட்டர் மொத்தமாக அனுப்புவதே 0.1 வாட் அளவுதான். அதில் ஓரத்தில் விழும் துளியை வைத்து போனை எப்படி நிரப்புவது?

“அப்படியானால் இதெல்லாம் சுத்தப் பொய்”

இந்த முடிவுக்குத் தாவுவதும் அதே அளவுக்குத் தவறு. இந்தப் பக்கத்து ஞாயம் பேசப்படுவதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கரண்டும் பேட்டரியும் இல்லாமல் வானொலி கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது. காலீனா என்ற ஈயத் தாதுக் கல், அதன் மேல் மெதுவாகத் தொடும் கம்பி, ஒரு காயில், வீட்டுக்கும் மரத்துக்கும் இடையே கட்டிய நீளமான ஏரியல், மண்ணில் புதைத்த எர்த், காதில் ஹெட்போன். இதுதான் கிறிஸ்டல் ரேடியோ. ஹெட்போனில் கேட்ட ஒலியின் சக்தி முழுவதும் வானொலி நிலையத்திலிருந்து காற்றில் வந்ததுதான். அந்தக் கல்லை அலை பிடிக்கும் கருவியாக்கி முதலில் காப்புரிமை கேட்டவர் ஓர் இந்தியர். கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் 1901இல் விண்ணப்பித்தார். 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று ஃபாஸ்டேக் சிப்புக்குள் அலையை ஒரே திசைக்குத் திருப்பும் வேலைக்கு மூதாதை அந்தக் கல்தான்.

பிறகு 2009இல், சியாட்டிலில் இன்டெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன்சன் சாம்பிளும் ஜோஷுவா ஸ்மித்தும் பழைய மாதிரி டிவி ஆன்டெனா ஒன்றை 4.1 கி.மீ. தொலைவில் இருந்த டிவி கோபுரத்தை நோக்கித் திருப்பி வைத்தார்கள். அந்த நிலையத்தின் வீச்சு 960 கிலோவாட். ஆன்டெனாவில் கிடைத்ததோ 60 மைக்ரோவாட். அது போதுமானதாக இருந்தது: வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று திரையோடு சேர்த்து அதில் ஓடியது. நம் பக்கம் இதே சோதனையைச் செய்யப் பெரிய டிவி கோபுரம் இன்று கிடைப்பது அரிது. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு 2022க்குள் பெரும்பாலும் நின்றுவிட்டது.

சென்னை ஐஐடியில் படித்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஷ்யாம் கொல்லகொட்டாவும் அவருடைய குழுவினரும் 2013இல் இன்னொரு படி மேலே போனார்கள். டோல்கேட் ரீடர் போலத் தனி ஆன்டெனா எதுவும் வேண்டாம். ஏற்கெனவே காற்றில் இருக்கும் டிவி அலையையே திருப்பி அனுப்பி, பேட்டரி இல்லாத இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியும் என்று காட்டினார்கள். 2017இல் அதே பல்கலைக்கழகத்தில் பேட்டரி இல்லாத போன் ஒன்றும் வந்தது. அது செலவழித்தது 3.5 மைக்ரோவாட். திரை கிடையாது, பட்டனை அழுத்திப் பேச வேண்டும், அழுத்திக் கேட்க வேண்டும், சுமார் 9 மீட்டருக்குள் அதற்கென்று ஒரு நிலையம் இருக்க வேண்டும். ஆனாலும் குரல் போனது, குரல் வந்தது. சக்தியை அதிகம் எடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, செலவைக் குறைக்கும் வழியில் போனதால் கிடைத்த வெற்றி அது.

நம் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் ஒரு காலத்தில் தொங்கிய மினுக்கும் கீ செயினும் இந்த வகைதான். கால் வரப்போகும் சில நொடிக்கு முன்பே கலர் கலராக மினுக்கும். பழைய 2ஜி போன் டவரோடு பேசும்போது உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பும், ஓரிரு செ.மீ. தூரத்தில் இருக்கும் எல்இடிக்கு அது தாராளம். பேட்டரி இல்லாத கீ செயினும் மினுக்கியது அதனால்தான். ஆனால் அந்தச் சக்தி டவரிலிருந்து வரவில்லை. உங்கள் போனின் பேட்டரியிலிருந்துதான் வந்தது.

“2000 ரூபாய் நோட்டில் கரண்ட் வேண்டாத சிப் இருந்தது”

2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு அறிவிப்புக்குப் பிறகு வந்த புது 2000 ரூபாய் நோட்டைப் பற்றிப் பரவிய கதை பலருக்கு நினைவிருக்கும். அதில் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறதாம். அதற்குச் சக்தியே வேண்டாம், செயற்கைக்கோள் அனுப்பும் அலையைத் திருப்பி அனுப்புமாம். பூமிக்கு அடியில் 120 மீட்டரில் புதைத்தாலும் கண்டுபிடித்துவிடலாமாம். அப்படி எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி மறுத்தது. இருந்தாலும் கதை நின்றபாடில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை கலந்திருந்தது. சக்தி இல்லாத சிப் அலையைத் திருப்பி அனுப்புவது நிஜம். ஃபாஸ்டேக் செய்வதே அதைத்தான்.

பொய்யாகிப் போகும் இடம் மறுபடியும் அளவில்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் அலை தரைக்கு வரும்போது ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்குதான் ரிசீவருக்குக் கிடைக்கும். ஃபாஸ்டேக் சிப் விழிக்கத் தேவையானது அதைப்போலப் பத்தாயிரம் கோடி மடங்கு. ஜிபிஎஸ் கோள்கள் அனுப்புகிறவை மட்டுமே, நோட்டிலிருந்து திரும்பி வரும் எதையும் கேட்டுக்கொண்டிருப்பவை அல்ல. மண்ணும் ஈரமும் அந்த அலையை ஓரிரு மீட்டருக்குள் விழுங்கிவிடும்.

“அலையை உறிஞ்சினால் பக்கத்து வீட்டில் சிக்னல் இல்லாமல் போய்விடும்”, “உறிஞ்சினால் ரேடியேஷன் குறையும்”

ஒருவர் பயப்படுகிறார், இன்னொருவர் ஆசைப்படுகிறார். பதில் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆன்டெனா தன்மேல் விழுவதை மட்டும்தான் எடுக்கும். உள்ளங்கை அகலத்தில் விழாத அலை அப்படியே போய்க்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு சிக்னலும் குறையாது, உங்கள் உடம்பின் மேல் விழுவதும் குறையாது. ரேடியேஷனை உறிஞ்சும் என்று சொல்லி போனின் பின்புறம் ஒட்ட விற்கும் ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசு வீண். அது ஆன்டெனாவை மறைத்தால் போன் இன்னும் அதிக சக்தியோடு அனுப்பத்தான் முயலும்.

“ஹைடென்ஷன் கம்பிக்குக் கீழே டியூப் லைட் எரிவது ரேடியோ அலையால்”

நெய்வேலியிலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிகளுக்குக் கீழே இரவில் வெறும் டியூப் லைட்டைப் பிடித்தால் மங்கலாக எரியும் என்பது நிஜம். ஆனால் அது ரேடியோ அலையால் இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்கம்பியின் மின்புலம் டியூபுக்குள் இருக்கும் வாயுவை ஒளிரவைக்கிறது. சக்தி வருவது அந்தக் கம்பியிலிருந்தே. வீடியோவில் பார்த்துவிட்டு வயலில் நின்று இதைச் செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நீளமான எதையும் அந்தக் கம்பிக்குக் கீழே தூக்கிப் பிடிக்கக் கூடாது. கம்பியைத் தொடவே வேண்டாம், கிட்டே போனாலே மின்சாரம் பாய்ந்துவிடும்.

இனி நம் ஊரில் இது எதற்குப் பயன்படும்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது கடைசி வருட புராஜெக்டுக்கு மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு. சென்னை ரிச்சி தெருவில் டயோடு, கெப்பாசிட்டர் வாங்கி வந்து செய்துவிட்டு, எல்இடி எரியவில்லை என்று மனம் உடைந்து போவார்கள். சாதாரண சிலிக்கான் டயோடு திறக்க 0.6 வோல்ட் வேண்டும்; காற்றில் வரும் அலையில் அவ்வளவு வராது. ஷாட்கி டயோடுதான் சரி. அதைப் போட்டாலும் எல்இடி தொடர்ந்து எரிய 2 மில்லிவாட்டாவது வேண்டும், கையில் இருப்பதோ 5 மைக்ரோவாட். ஆகவே எல்இடியை எரியவைப்பதை இலக்காக வைக்கவே கூடாது. ஏழெட்டு நிமிடம் சேர்த்து வைத்து, ஒரு நொடி மட்டும் விழித்து ஒரு தகவல் சொல்லவைப்பது சாத்தியமான இலக்கு.

திறந்த வயலில் ஈரம் அளக்கவோ மழை அளக்கவோ கருவி வைக்கிறவர்கள் ரேடியோ அலையைத் தேடிப் போக வேண்டாம். அங்கே வெயில் இருக்கிறது, விரலளவு சோலார் தகடு போதும். அலைக்கு வேலை இருப்பது வெயில் நுழையாத, பேட்டரி மாற்றக் கை எட்டாத இடத்தில். நெல்லும் மல்லாட்டையும் உளுந்தும் மூட்டை மூட்டையாக அடுக்கிய குடோனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி மூட்டை காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் ஏறி பூஞ்சை பிடித்திருக்கும். பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். மூட்டை அடுக்கும்போதே உள்ளே ஒரு டேக்கைச் சொருகிவிட்டு, வாரம் ஒருமுறை கையில் ரீடரோடு ஒருவர் சுற்றி வந்தால் உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிரிக்காமலே பார்க்கலாம். ஈரம் ஏற ஏற ஆன்டெனாவின் இசைவு மாறும். அந்த மாற்றத்தையே ஈரத்தின் அளவாக எடுத்துச் சொல்லும் பேட்டரி இல்லாத டேக்குகள் ஏற்கெனவே விற்பனையில் உண்டு.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. தானியத்தின் ஈரம் அலையை உறிஞ்சும். எந்த மூட்டை கெட்டுக்கொண்டிருக்கிறதோ அதற்குள் இருக்கும் டேக்குக்குத்தான் சக்தி குறைவாகக் கிடைக்கும். எத்தனை அடுக்கு வரை அலை உள்ளே போகும், எந்த ஈரத்தில் டேக் பதில் சொல்லாமல் போகும், பதில் வராததையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாமா என்பதையெல்லாம் உண்மையான நெல் மூட்டையை வைத்து ஒரு பருவம் முழுக்க அளந்து பார்க்க வேண்டும். ஒரு ரீடரும் நூறு டேக்கும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஒரு மூலையும் கிடைத்தால் அந்த இரண்டு கல்லூரிகளில் எதில் வேண்டுமானாலும் இதைத் தொடங்கிவிடலாம்.